மாலை ஐந்துக்கு மேல் ஒரு கல்லூரி

புதுச்சேரியில் கல்லூரி என்றாலே முதலில் நினைவுக்கு வருவது லாஸ்பேட்டைதான். 1961-ல் தொடங்கிய தாகூர் கலைக் கல்லூரி, மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், பெண்கள் பாலிடெக்னிக், காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையம், புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி என்று ஒரே வட்டாரத்தில் இத்தனை. காலை ஒன்பது மணிக்கு விமான நிலையச் சாலைப் பக்கம் போய்ப் பாருங்கள், தோளில் பையோடு பிள்ளைகள் வந்து இறங்கிக்கொண்டே இருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவர் நின்றால், மகளைக் கொண்டுவந்து விட்ட அப்பா என்றுதான் நினைப்போம். அவரே படிக்க வந்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

தோன்ற வேண்டிய காலம் வந்துவிட்டது. 1898-ல் தொடங்கி, மூன்று தலைமுறைக்குச் சோறு போட்ட புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. துணி மில் 2020 ஏப்ரல் கடைசியோடு மூடப்பட்டது. தானே புயல் 2011 டிசம்பரில் அடித்த அடியிலிருந்து அது நிமிரவே இல்லை. சுதேசி, பாரதி மில்களும் அதே கதியை அடைந்தன. இருபது வருடம் தறி ஓட்டியவருக்கும், மில் கணக்கு எழுதியவருக்கும் நாற்பத்தைந்து வயதில் வேறு தொழில் தேட வேண்டிய நிலை. மில்லோடு இது முடிந்துவிடவில்லை. கம்ப்யூட்டரே முக்கால்வாசி வேலையை முடித்துவிடும் அலுவலகங்களில் இருப்பவர்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு மறுபடி வேலைக்குப் போக நினைக்கும் பெண்கள், பத்து வருடம் வளைகுடாவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் என்று எல்லோரும் இந்த வரிசையில்தான் நிற்கிறார்கள். இவர்களுக்கு நாம் சொல்வது, "ஏதாவது கோர்ஸ் படிங்களேன்." எங்கே, எப்போது, எந்தக் காசில் என்று மட்டும் சொல்வதில்லை.

வயது ஒரு தடையே இல்லை என்று மேடையில் பேசுகிறோம். சட்டமும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. மூன்றாண்டு சட்டப் படிப்பில் சேர முப்பது வயதுக்குள் இருக்க வேண்டும் என்று 2016-ல் பார் கவுன்சில் மீண்டும் கொண்டுவந்த வரம்பை, 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. நீட் தேர்வுக்கான உச்ச வயது வரம்பு 2022-ல் எடுக்கப்பட்டது. அதற்கு முன்பே, 2020-ல், ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் 64 வயதில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். தமிழ்நாட்டில் ஆசிரியர் நியமன வயது 2023-ல் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்ந்தது. நாற்பதில் பி.எட். முடிக்கும் பெண்ணுக்கு அந்தப் பட்டம் வெறும் காகிதமாகப் போகாமலிருக்க இந்த ஓர் ஆணை எவ்வளவு உதவும் என்பதை அந்த வீட்டில்தான் கேட்க வேண்டும்.

ஆனால் சேர்க்கை விண்ணப்பத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். தகப்பனார் பெயர், தகப்பனார் தொழில், பெற்றோரின் ஆண்டு வருமானம். கடைசியில் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பம். கடைசியாகப் படித்த நிறுவனத்திலிருந்து டி.சி.யும் நன்னடத்தைச் சான்றிதழும் வேண்டும். அந்தப் பள்ளியை விட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகியிருக்கும். இடையில் என்ன செய்தீர்கள் என்பதற்கு முத்திரைத்தாளில், நோட்டரி கையெழுத்தோடு ஓர் உறுதிமொழி. குடும்பத்தைக் காப்பாற்றினேன், அப்பாவின் மருத்துவச் செலவைப் பார்த்தேன், தங்கைக்குக் கல்யாணம் செய்துவைத்தேன் என்பதுதான் அதற்கு நேர்மையான பதில். அந்தத் தாளில் அதை எழுத இடமில்லை. "இடைவெளி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். கவுண்டரில் இருப்பவர் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. பதினேழு வயதுப் பையனை மனதில் வைத்து அச்சிட்ட படிவம் அது. நாற்பது வயதுக்காரர் அதன் முன்னால் நிற்கும்போது, தவறான இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று அவருக்கே தோன்றிவிடுகிறது. பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள்.

படிவம் ஒரு மாதத்தில் திருத்திவிடக் கூடியது. நேரமும் சம்பளமும் அப்படியல்ல. குடும்பம் நடத்துகிறவர் மூன்று வருடம் காலை ஒன்பதிலிருந்து நான்கு வரை வகுப்பில் உட்கார்ந்தால், வீட்டு வாடகையை யார் கொடுப்பது? மூளை மழுங்கிவிட்டது, இந்த வயதில் ஏறாது என்று சொல்கிறவர்களுக்கு நம் பதில் இதுதான்: பணிமனையில் பதினைந்து வருடம் மோட்டாரைக் கழற்றி மாட்டியவருக்கு மின்னியல் பாடம் புத்தகத்தைத் திறந்த உடனே பிடிபடும். அவருக்கு இல்லாதது பகல் பொழுது ஒன்றுதான்.

தொழிலாளியின் பொழுதைப் பற்றிய பேச்சு புதுச்சேரிக்குப் புதிதல்ல. 1936 ஜூலை 30 அன்று, எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடிய சவானா மில் தொழிலாளர்கள் பன்னிரண்டு பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். அடுத்த ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலைச் சட்டம் வந்தது. எட்டு மணி நேரம் வேலை என்றால் மிச்சப் பொழுது தொழிலாளிக்குச் சொந்தம் என்று பொருள். அந்தப் பொழுதில் அவர் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று யோசிக்கும் வேலையை நாம் இன்னும் செய்யவில்லை. பிரான்ஸ் யோசித்தது. 1794-ல் புரட்சிக் காலத்தில் பாரீஸில் உருவான கலை, தொழில் பயிற்சிக் கழகம் வேலை முடிந்து வருகிறவர்களுக்காக இன்றும் மாலை வகுப்பு நடத்துகிறது. 1971-ல் வந்த சட்டம், தொழிலாளரின் தொடர்கல்விக்கு முதலாளிகள் பணம் கட்ட வேண்டும் என்றது. அந்தச் சட்டம் பிறக்கும் முன்பே நாம் இந்தியாவோடு இணைந்துவிட்டோம், அது சரிதான். ஆனாலும் ரொட்டியையும் தெருப் பெயர்களையும் பத்திரமாக வைத்துக்கொண்ட ஊர் இந்த யோசனையையும் கேட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றாமலில்லை.

நம் சொந்தக்காரர்கள் வாழும் சிங்கப்பூர் இதில் ஒரு படி மேலே போயிருக்கிறது. 2024 மே முதல், நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு குடிமகனுக்கும் மறுபடி படிக்க 4,000 வெள்ளி. வேலையை விட்டு முழுநேரம் படித்தால், பழைய சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், இரண்டு வருடம் வரை உதவித்தொகை. அவ்வளவு பணம் நம்மிடம் இல்லை. ஆனால் சம்பளம் நின்றால் படிப்பும் நின்றுவிடும் என்ற கணக்கு அங்கும் இங்கும் ஒன்றுதான்.

இதற்கிடையில், படிக்கத் துடிக்கிறவர்களைச் சுற்றி வியாபாரமும் நடக்கிறது. ஆறே மாதத்தில் பட்டம், வேலைக்கு நூறு சதவீத உத்தரவாதம் என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தை நம்பிச் சேமிப்பைக் கட்டிவிடாதீர்கள். தொலைதூரக் கல்வி என்றால் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும், குறிப்பிட்ட அந்தப் படிப்புக்கும் யு.ஜி.சி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதியில்லாமல் தொலைதூர வழியில் வழங்கிய பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது, அந்தப் பட்டத்தை நம்பிப் பதவி உயர்வு வாங்கியிருந்தவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. கல்விக் கடன் வாங்கினால், அதன் வட்டிக்குப் பழைய முறை வருமான வரியில் கிடைக்கும் கழிவு பிள்ளைகளின் படிப்புக்கு மட்டுமல்ல, உங்கள் படிப்புக்கும் உண்டு.

புதுச்சேரி அரசிடம் நாம் கேட்பது பெரிய தொகையில்லை. கட்டடம் இருக்கிறது, ஆய்வகம் இருக்கிறது, ஆசிரியர்கள் இருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்களுக்கு அவர்களுக்கு ஏற்ற நேரத்தில் டிப்ளமோவும் பட்டப் படிப்பும் நடத்த ஏ.ஐ.சி.டி.இ. 2023-லேயே வழி திறந்துவிட்டது. லாஸ்பேட்டை வளாகங்களில் நான்கைந்து படிப்புகளையாவது மாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியும்படி நடத்தலாம். மின்னியல், கணினி, கணக்கியல், மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்று ஊரில் வேலை இருக்கும் துறைகளாகப் பார்த்து எடுக்கட்டும். மாணவர் சேர்க்கையை நடத்தும் சென்டாக்கின் விண்ணப்பத்தில் முப்பது வயதைத் தாண்டியவர்களுக்குத் தனிப் படிவம் வரட்டும். அதில் பெற்றோர் கையொப்பத்துக்குப் பதில், இதுவரை செய்த வேலையின் விவரத்தைக் கேட்கட்டும். மூடிய மில்களின் தொழிலாளர்கள் சேர்ந்தால், படிக்கும் காலத்துக்குத் தொழிலாளர் துறை மாத உதவித்தொகை கொடுக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இதைத் திட்டம் போடுகிறவர்கள் மறந்துவிடுவார்கள். மாலை வகுப்பில் சேரும் பெண் பாகூரிலிருந்தோ வில்லியனூரிலிருந்தோ திருபுவனையிலிருந்தோ வருவாள். எட்டரைக்கு வகுப்பு விட்டால், டெம்போ பிடித்து ராஜீவ் காந்தி சிலைக்கு வந்து, அங்கிருந்து புது பஸ் ஸ்டாண்டு போய், ஊர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். லாஸ்பேட்டையிலிருந்து நேரடியாக இரவு எட்டே முக்காலுக்கு மூன்று ஊருக்கும் தலா ஒரு பி.ஆர்.டி.சி. பஸ் விட முடியுமா என்று போக்குவரத்துத் துறை இந்த மாதமே பார்க்கட்டும். முடியும் என்றால், அந்த நேரத்தைச் சேர்க்கை அறிவிப்பிலேயே அச்சிடட்டும்.