தாலி கட்டும்போது கேமரா எங்கே?

சித்தப்பா மகள் கல்யாணத்தில், ரிமோட்டில் திரும்பும் கேமராவை நானே இயக்கினேன். வானொலிக்காரனுக்கு இதெல்லாம் பெரிய வேலையா என்ற நினைப்பு! ஈப்போவில் படுத்த படுக்கையாய் இருந்த பாட்டிக்காகத்தான் அந்த நேரலை. கெட்டிமேளம் கொட்டியபோது கேமரா கூட்டத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் திருப்பி ஃபோகஸ் பிடிப்பதற்குள் மூன்று முடிச்சும் விழுந்துவிட்டது.

“தாலி கட்டுனத பாக்க முடியலையே ஐயா” என்றார் பாட்டி.

பிறகுதான் முறையாகக் கற்றுக்கொண்டேன். மணமேடை, மணமக்கள் முகம், தாலி கட்டும் இடம் என்று ஒவ்வொரு கோணத்தையும் முன்கூட்டியே ப்ரீசெட்டில் பதிய வேண்டும். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், கேமரா தானே அங்கே போய் நிற்கும். மிக உயரத்தில் மாட்டினால் உச்சந்தலைதான் தெரியும். கண்மட்டத்துக்குச் சற்று மேலே, ஆடாத ஸ்டாண்டில் வையுங்கள். ஓமப் புகையில் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். மணமேடையில் ஃபோகஸ் பிடித்ததும் மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/50இல் வைத்தால், மண்டப விளக்குகளால் படம் துடிப்பது பெரும்பாலும் நின்றுவிடும்.

இளையவள் கல்யாணத்தில் எல்லாம் சரியாக வந்தது. பார்க்கத்தான் பாட்டி இல்லை.

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு, முதல் நாளே மண்டபத்துக்குப் போய்க் கோணங்களைப் பதிந்துவிடுங்கள்.