பச்சோந்திக்கு விளக்கடிப் பூச்சி வேண்டாம்

காளி பூஜை நெருங்கினால் கொல்கத்தாவில் ட்யூப்லைட்டைச் சுற்றி ஷ்யாமா போகா மொய்க்கும். கண்ணில் விழும், தேநீரில் மிதக்கும். தஞ்சாவூர் விவசாயி பார்த்தால் சட்டென்று சொல்லிவிடுவார்: நெல்லைக் கெடுக்கும் பச்சைத் தத்துப்பூச்சி. லேக் மார்க்கெட் வட்டாரத்துத் தமிழ் வீடுகளிலிருந்து அந்த நாட்களில்தான் கேட்பார்கள்: "சும்மா வந்து விழுகிறதே, பச்சோந்திக்குப் போடலாமா?"

போடக் கூடாது. ஷ்யாமா போகா மட்டுமல்ல, வெளியில் பிடித்த எந்தப் பூச்சியையும் வளர்ப்புப் பச்சோந்திக்குத் தர வேண்டாம் என்பதே, ஊர்வன வளர்ப்போருக்கு ஆலோசனை சொல்லும் எங்கள் குழுவின் நிலைப்பாடு.

தத்துப்பூச்சி நெல்லில் துங்ரோ நோயைப் பரப்புவது. அதைக் கொல்லவே வயலில் மருந்தடிக்கிறார்கள். நகரத்துப் பூச்சியும் சுத்தமில்லை. டெங்கு காலத்தில் தெருவெல்லாம் கொசுப் புகை, அடுப்படியில் கரப்பான் மருந்து. துள்ளி ஓடாமல் கைக்கு எளிதாக அகப்படும் பூச்சியைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டும்: அது மருந்து பட்டு மயங்கியதாக இருக்கலாம். கரப்பானோ ஊர்வனவற்றின் குடலிலும் நுரையீரலிலும் குடியேறும் ஒட்டுண்ணிகளின் இளம்பருவத்தைச் சுமக்கக்கூடியது.

மருந்தே படாத பூச்சியிலும் நஞ்சு உண்டு. எருக்கஞ்செடியில் மேயும் வண்ண வெட்டுக்கிளி, இதயத்தைத் தாக்கும் எருக்கு நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து வைத்திருக்கும்.

"காட்டில் அது பிடித்துத்தானே தின்கிறது?" என்பார்கள். உண்மைதான், ஆனால் எந்தக் காட்டில்? வட அமெரிக்க மின்மினி ஒன்றே ஒன்றைத் தின்று, வீட்டில் வளர்த்த தாடி ஓணான்கள் செத்திருக்கின்றன. தாடி ஓணானின் ஊர் ஆஸ்திரேலியா. அந்த மின்மினியை அதன் முன்னோர் கண்டதில்லை, ஒதுக்கவும் தெரியவில்லை. இங்கே வளர்க்கும் ஏமன் பச்சோந்திக்கு வங்காளத்துப் பூச்சியும் அப்படித்தான்.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. பண்ணைச் சிள்வண்டை மட்டும் போட்டாலும் கேடுதான். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு, நாளடைவில் எலும்பு வளைந்துவிடும். அதற்கு வழி தெருவிளக்கு அல்ல. சிள்வண்டுக்கு முந்தின நாளே கீரையும் காரட்டும் கொடுங்கள். போடும்போது கால்சியம் பொடியில் புரட்டுங்கள். பட்டுப்புழுவையும் மாற்றி மாற்றிக் கொடுங்கள். கேலிஃப் தெரு ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினாலும், வளர்த்ததா பிடித்ததா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இவையெல்லாம் வெளிநாட்டுப் பச்சோந்திக்குத்தான். அதைக்கூட 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். நம் நாட்டுப் பச்சோந்தி 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருப்பது. அதைக் கூண்டில் வைத்துக்கொண்டு என்ன தீனி போடலாம் என்று எங்களிடம் கேட்டால், வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காது.

ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? வாய் பிளப்பதும் நிறம் கறுப்பதும் கிளையில் பிடி தளர்வதும் கெட்ட அறிகுறிகள். அவை தெரியட்டும் என்றும் காத்திருக்காதீர்கள். ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள்; மீந்த பூச்சி ஒன்றைத் தாளில் மடித்துக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.