பைபர் படகுக்கு வயதாவதில்லை, பலகைக்குத்தான்

ஐம்பது ஆண்டுப் பழைய ஸ்பீடு படகை வீட்டுக் கொட்டகையில் ஏற்றி, மாதக் கணக்கில் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பவரைப் பார்த்தால் வேலைவெட்டி இல்லாதவர் என்றுதான் தோன்றும். கிளாஸ்ட்ரான் (1956), பாஸ்டன் வேலர் (1958) போன்ற நிறுவனங்கள் அச்சில் வார்த்து விற்ற படகுகள் நிறைந்த அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்கள் ஏராளம். அந்தக் காசுக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று அக்கம்பக்கத்தார் கேட்பார்கள். கணக்குப் போட்டால் அவர்கள் சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு செலவு விடுபட்டிருக்கிறது.

பைபர் கிளாஸ் உடல் எளிதில் சாவதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல் படை 1950-களின் தொடக்கத்தில் 40 அடி ரோந்துப் படகுகளை பைபரில் கட்டியது. பத்தாண்டு ஓடிய பிறகு அவற்றில் ஒன்றிலிருந்து துண்டுகளை வெட்டிச் சோதித்தார்கள். வலிமை பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. பழைய ஸ்பீடு படகைக் கொல்வது அதன் உள்ளே மறைந்திருக்கும் மரம். எஞ்சின் மாட்டும் பின்தட்டிலும், தரைக்கு அடியில் ஓடும் நீளச் சட்டங்களிலும் பிளைவுட்டை வைத்து மேலே பைபர் போர்த்தியிருப்பார்கள். சரியாக அடைக்காத ஒரு திருகுத் துளை போதும், தண்ணீர் கசிந்து உள்ளே ஊறும். சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால் நல்ல பகுதி ‘டக்’கென்று கணீரென ஒலிக்கும், உளுத்த பகுதி ‘பொத்’தென்று அமுங்கும். சந்தேகமிருந்தால் உட்புறமாகச் சிறு துளை போடலாம். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் பிழைத்தோம். கறுத்த ஈரச் சேறு வந்தால் பின்தட்டையே மாற்றியாக வேண்டும். பலர் இதைப் பார்க்காமல் முதலில் பெயின்ட் வாங்கிவிடுகிறார்கள். பளபளப்பு கடைசி வாரத்து வேலை.

இதையெல்லாம் வீட்டில் செய்யலாமா என்ற ஆட்சேபத்தைத் தட்டிக்கழிக்க முடியாது. பாலியெஸ்டர் ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைசுற்ற வைக்கும், தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது, ரெசினை இறுக வைக்கும் ஹார்டனர் ஒரு சொட்டு தெறித்தாலும் கண்ணுக்கு ஆபத்து. ஆகவே காற்றோட்டமான கொட்டகை, ஆவியை வடிகட்டும் முகமூடி, கண்ணாடி, கையுறை ஆகியவற்றுக்குச் செலவழிக்க மனமில்லாதவர் இதைத் தொடக்கூடாது. வேகமாக ஓடும் படகில் பின்தட்டு பிளந்தால் எஞ்சினே தண்ணீருக்குள் போய்விடும். உடைந்த இடத்தைச் சுற்றி, உடலின் தடிப்பைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து ஒட்ட வேண்டும் என்ற விதி அதனால்தான். பழைய பைபரின் மேல் பாலியெஸ்டரைவிட எபாக்சி நன்றாகப் பிடிக்கும். விலை அதிகம்தான், இங்கே கஞ்சத்தனம் கூடாது.

விடுபட்ட செலவுக்கு வருவோம். பைபர் கிளாஸ் மக்காது, உருக்கி மறுபடி வார்க்கவும் முடியாது. வெட்டிப் புதைப்பதே பெரும்பாலும் வழக்கம். புதுப் படகின் விலையில் இந்தச் சவ அடக்கச் செலவு சேர்வதில்லை. பழையதை யாரோ எங்கோ கைவிட, உள்ளூர் நிர்வாகம் சுமக்கிறது. பிரான்ஸ் 2019 முதல் இதைத் தயாரிப்பாளர்கள் தலையில் வைத்திருக்கிறது. படகைக் கலைப்பு மையம் வரை கொண்டுசேர்ப்பது மட்டும் உரிமையாளர் செலவு, கலைப்பது இலவசம். கொட்டகையில் தேய்த்துக்கொண்டிருப்பவர் அந்தக் கழிவை இன்னும் இருபது ஆண்டு தள்ளிப்போடுகிறார். அவருக்கு நஷ்டம்தான், ஊருக்கு லாபம்.

தமிழகக் கடற்கரைக்கும் இதில் பங்குண்டு. 2004 சுனாமிக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைப் பைபர் படகுகள் வேகமாகப் பிடித்தன. ஓய்ந்த கட்டுமரம் விறகாகும். ஓய்ந்த பைபரை எரித்தால் நச்சுப் புகைதான் மிஞ்சும். கண்ணாடி இழை விரிப்பும் ரெசினும் வைத்து ஒட்டத் தெரிந்த கைகள் நம் குப்பங்களில் நிறையவே இருக்கின்றன. முகமூடியோ கையுறையோ இல்லாமல் வேலை செய்யும் கைகள். புதுப் படகுக்கு மானியம் பற்றிப் பேசும்போதே, மீன்பிடித் துறைமுகங்களில் கூரை போட்ட பழுதுபார்ப்புக் கூடமும், சீரமைக்கவே முடியாத படகைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் வேண்டும் என்று மீன்வளத் துறையிடம் கேட்கலாம்.