வவுனியா தேத்தண்ணி குடிக்கிற இடம் மட்டுமா?

பிரான்சின் வடக்கில் லில் என்றொரு நகரம். பந்து பார்க்கிற எங்கட பெடியளுக்கு, ஏடன் ஹசார்ட் செல்சிக்குப் போக முன்னம் விளையாடின கிளப்பின் ஊர். ஹசார்ட் பெல்ஜியக்காரர். அந்த எல்லை லில்லுக்குப் பக்கத்திலதான். நெசவாலைகள் மூடுப்பட்டு நொடிஞ்சு கிடந்த நகரம் அது. அதிவேக ரயில் பாதை திட்டமிடப்பட்டபோது, அது எங்கட ஊருக்குள்ளாலதான் போகவேணும் என்று மேயர் பியர் மொறுவா விடாப்பிடியாக நின்றார். 1990களில் ரயில் வந்தது. ஸ்டேஷனைச் சுற்றிப் புது நகரமே எழும்பியது.

எங்களுக்கும் ஒரு எல்லை நகரம் இருக்கு. வவுனியா. அந்த எல்லையை யுத்தம்தான் கீறியது. 1990க்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேலாக யாழ்ப்பாண ரயில் வவுனியாவைத் தாண்டவில்லை. 2002 சமாதானத்தில் ஏ9 திறந்தபோது ஓமந்தையில் ஆமி, புளியங்குளத்தில் இயக்கம். 2006 ஓகஸ்டில் திரும்பவும் பூட்டு. ஊருக்குள்ள தங்கிறதுக்கே பாஸ் எடுத்த காலம் எங்கட அம்மாமாருக்கு நல்லா நினைவிருக்கு. 2014 ஒக்டோபரில் ரயில் யாழ்ப்பாணம் வரை போனது. எல்லாரும் சந்தோசப்பட்டம், சரிதான். ஆனால் அதோட வவுனியா, பஸ் நிக்கிற பத்து நிமிசத்தில் ஒரு தேத்தண்ணியும் ரோல்சும் வாங்கிற இடமாகச் சுருங்கிப்போச்சு.

வவுனியாவைப் பற்றி எழுதுறவையும் சோதனைச்சாவடியையும் மெனிக் பாமையும்தான் எழுதுகினம். அவை எழுதப்படத்தான் வேணும். ஆனால் இது வந்து சேர்ந்த சனத்தின் நகரமும்தான் என்பது விடுபட்டுப் போகுது. 1977 கலவரத்தில் அடிபட்டு மலையகத்திலிருந்து வந்த குடும்பங்களை இந்த மாவட்டத்தில் காந்தியம் குடியேற்றியது. அதை நடத்தின கட்டடக் கலைஞர் டேவிட்டும் வைத்தியர் ராஜசுந்தரமும் 1983 இல் கைதானார்கள். ராஜசுந்தரம் அந்த யூலையிலேயே வெலிக்கடைச் சிறைக்குள் கொல்லப்பட்டார். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் எங்களோட படிச்சவை. அவையை இன்னும் ‘தோட்டத்துச் சனம்’ என்று சொல்லுற வாய்கள் இஞ்ச இருக்கு. வெட்கமாக இருக்கு. வவுனியாவில் ஆர் வந்தவர், ஆர் இருந்தவர் என்று பிரிக்கத் தொடங்கினால் பாதி ஊர் மிஞ்சாது. யாழ்ப்பாணத்திலிருந்தும், கிளிநொச்சி முல்லைத்தீவிலிருந்தும் இடம்பெயர்ந்து வந்து நின்றுவிட்டவைதான் எத்தனை பேர்!

2021 ஓகஸ்டில் பம்பைமடு வளாகம் வவுனியாப் பல்கலைக்கழகமானது. சிங்கள, முஸ்லிம், மலையகப் பிள்ளைகள் எல்லாரும் வருகினம். இதுவும் ஒரு ரயில் வந்த மாதிரித்தான். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவர்களுக்கு நகரத்துக்குள்ள என்ன இருக்கு? இரவு எட்டு மணி வரையாவது இருந்து வாசிக்க ஒரு மண்டபம், நாடகம் போட ஒரு சின்ன மேடை, பெண்பிள்ளைகள் பயமில்லாமல் பம்பைமடுவுக்குத் திரும்ப ஒரு கடைசி பஸ். வாக்குக் கேட்டு வாறவையிட்ட நாங்கள் முதலில் கேட்கப்போவது அந்தக் கடைசி பஸ்ஸைத்தான்.