கூடத்தை விட்டகன்ற அலைவரிசை

கிரின்ஸ்டெட் பெரிய நகரன்று. யூட்லாந்தின் நடுவே, பில்லுண்ட் விமான நிலையத்துக்கு அண்மையில், ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் வாழும் ஊர். ஒரு காலத்தில் தன் வேதிப்பொருள் ஆலையாலும், பின்னர் அவ்வாலை மண்ணிலும் ஆற்றிலும் விட்டுச் சென்ற நஞ்சாலும் பெயர் பெற்றது. எண்பதுகளில் இலங்கையிலிருந்து ஏதிலிகளாக வந்த தமிழ்க் குடும்பங்களைத் தலைநகரில் குவியவிடாது, இத்தகைய சிற்றூர்களிலேயே பரவலாகக் குடியமர்த்தியது டென்மார்க். பனிக்காலப் பிற்பகல் நான்கு மணிக்கே இருட்டிவிடும் தெருக்களில் பேச்சுத்துணை கிடையாது. வீட்டுக் கூடத்தில் ஓயாது பேசிக்கொண்டிருந்தது தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றுதான்.

அப்பெட்டி நம்மவர்க்கு மொழிப் பள்ளியும் ஆயிற்று. டேனியர் தம் மொழியின் பாதியை வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவர். காதால் கேட்டுக் கற்பது அரிது. ஆனால், தொலையியக்கியில் 399 என்று அழுத்தினால், செவித்திறன் குன்றியோர்க்கென ஏற்பட்ட டெக்ஸ்ட் டிவி பக்கம் திறந்துகொள்ளும். பேச்சு எழுத்தாகத் திரையின் அடியில் ஓடும். துப்புரவு வேலை முடித்துக் களைத்து வந்த தாய், கடித உறையொன்றின் பின்புறத்தில் அவ்வெழுத்துகளைக் கிறுக்கி வைப்பாள். 'அலிவெல்' என்றொரு சொல். எழுத்தில் ஒன்பது, ஒலிப்பில் அதிற்பாதி. பள்ளியிலிருந்து வந்த மகள் 'ஆனாலும்' என்று அதற்குப் பொருள் சொல்வாள். தாய் கற்றாள், மகள் கற்பித்தாள், இருவரும் ஒரே திரையைப் பார்த்திருந்தனர்.

இந்தக் கூடத்தை மனத்தில் இருத்திக்கொண்டே, 2020 ஜனவரி 2 அன்று நிகழ்ந்ததை எண்ணிப் பார்க்கிறோம். டென்மார்க்கின் பொதுச்சேவை ஒளிபரப்பு நிறுவனமான டி.ஆர்., இளையோர்க்கென நடத்திவந்த டி.ஆர்.3 அலைவரிசையின் வான்வழி ஒளிபரப்பை அன்று நிறுத்தியது. ஏழு முதல் பன்னிரண்டு அகவைச் சிறார்க்கான டி.ஆர். உல்ட்ராவும் உடன் சென்றது. பண்பாட்டுக்கான டி.ஆர்.கே, டி.ஆர்.2-இல் கரைந்தது. ஆறு அலைவரிசைகள் மூன்றாயின. இளையோர் அலைவரிசைகள் மூடப்படவில்லை, இணையத்துக்கு இடம்பெயர்ந்தன என்று விளக்கம் தரப்பட்டது. சொல்லளவில் அது மெய்யே. டி.ஆர்.3 என்னும் பெயர் டி.ஆர். செயலிக்குள் ஒரு பலகையாகத் தொடர்ந்து தொங்கியது.

இளையோர் தொலைக்காட்சியைக் கைவிட்டனர், ஆகவே தொலைக்காட்சியும் அவர்களைப் பின்தொடர்ந்து இணையம் சென்றது என்பது பலரும் சொல்லும் காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனம் 2015-இல் தொடங்கிய 'ஸ்காம்' தொடர், கதையில் நிகழும் அதே நாளில், அதே நேரத்தில், துண்டுதுண்டாக இணையத்தில் வெளியாகி, டேனியப் பிள்ளைகளையும் கைப்பேசிக்குள் கட்டிப்போட்டதை நாம் கண்டோம். ஆயினும் காலவரிசையைச் சற்று உற்று நோக்குக. 2018 மார்ச்சில் அன்றைய அரசும் டேனிய மக்கள் கட்சியும் ஓர் உடன்பாடு கண்டன. டி.ஆர். நிறுவனத்தின் நிதியில் ஐந்தாண்டுகளில் 20 விழுக்காடு வெட்டப்படும். உரிமக் கட்டணம் படிப்படியாக ஒழிந்து வரிப்பணம் அதனிடத்தைக் கொள்ளும் என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் டி.ஆர். தன் திட்டத்தை வெளியிட்டது; நூற்றுக்கணக்கானோர் பணியிழப்பர் என்ற செய்தியோடு, அலைவரிசைகள் பாதியாகும் என்ற செய்தியும் சேர்ந்தே வந்தது. கத்தி முதலில் வந்தது, இளையோரின் மாறிய பழக்கம் அதற்கு உறையாக வந்து சேர்ந்தது. நிதி வெட்டு நேராதிருந்தால் இடப்பெயர்ச்சி இன்னும் சில ஆண்டுகள் பொறுத்திருக்கும் என்பதே நம் கணிப்பு.

உரிமக் கட்டணத்தைப் பற்றியும் ஒரு சொல். அவ்வுடன்பாடு கண்ட காலத்தில் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 2,500 குரோணர். இந்நாட்டில் குடியேறிய புதிதில் நம் அஞ்சற்பெட்டிக்கு வந்த முதற் கடிதங்களுள் அக்கட்டணச் சீட்டும் ஒன்று. அதைத் திட்டாத தமிழ் வீடு இராது. இன்று அச்சீட்டு இல்லை. தனியாள் வரிவிலக்கைச் சற்றே குறைத்து, கண்ணுக்குத் தெரியாமல் அத்தொகை பெறப்படுகிறது. சீட்டைக் கையில் வைத்திருந்தவன் 'என் பணத்துக்கு என்ன தந்தாய்?' என்று கேட்டான். இப்போது அக்கேள்வியைக் கேட்கும் வழக்கமே மெல்ல மறைந்து வருகிறது.

டி.ஆர்.3 அப்படியென்ன அருஞ்செல்வம் என்று கேட்பாருண்டு. 2013 ஜனவரி 28 அன்று தொடங்கி, ஏழாண்டும் நிறையாமல் வானை விட்டிறங்கியது அது. பதினைந்து முதல் முப்பத்தொன்பது அகவையினரைக் குறிவைத்தது. அதில் வந்த யாவும் நம் வீடுகளுக்கு உகந்தவை என்று நாம் சான்றுரைக்க மாட்டோம். தலைநகரிலிருந்து சொந்தச் சிற்றூருக்குத் திரும்பும் இளம்பெண்ணொருத்தியைப் பற்றி 2018-இல் தொடங்கிய நல்லதொரு தொடரின் பெயரை இப்பத்தியில் அச்சிட நம் பேனா கூசுகிறது. ஆயினும் அது கிரின்ஸ்டெட் போன்ற ஊர்களின் இளமையைக் கேலியின்றிப் பார்த்தது. தொலைவட்டார வாழ்வைக் கோப்பன்ஹேகன் திரைகள் அவ்வாறு பார்ப்பது அரிது.

அவ்வலைவரிசை உலகுக்கு அனுப்பிய பெரும் ஏற்றுமதி எதுவெனில், 'முதற் பார்வையிலேயே திருமணம்' என்னும் நிகழ்ச்சி. வல்லுநர் குழு தேர்ந்தெடுத்த இருவர், ஒருவரையொருவர் முன்பின் கண்டிராது, மணநாளன்றே சந்தித்து மணம்புரிவர். 2013-இல் டென்மார்க்கில் தொடங்கியது. மறு ஆண்டே அமெரிக்கா அதன் வடிவத்தை வாங்கியது. பின்னர்ப் பற்பல நாடுகளும். டேனியர் இதனைத் துணிகரச் சோதனை என்று வியந்தனர். சாதகக் குறிப்போடு ஒரேயொரு புகைப்படத்தைப் பார்த்துத் தலையாட்டி, கணவன் முகத்தை மணவறையில்தான் நேரிற் கண்ட நம் தாய்மார் வாய்விட்டுச் சிரித்தனர். 'இதுக்கு வல்லுநர் எதுக்கு, எங்கட தரகர் காணாதோ?' என்ற பேச்சு நம் கூடங்களில் எழுந்ததுண்டு. அச்சிரிப்பைத் தொடர்ந்து, மகளுக்கும் தாய்க்குமிடையே திருமணத்தைப் பற்றி அதுவரை பேசப்படாத பேச்சும் சில வீடுகளில் தொடங்கிற்று. தாய் அந்நிகழ்ச்சியைத் தேடிச் சென்றவளல்லள். செய்திக்காகப் பெட்டியைத் திறந்து, அலைவரிசையை மாற்றுகையில் தடுக்கி விழுந்தாள்.

நாம் வருந்துவது இந்தத் தடுக்கி விழுதலுக்காகவே. இணைய வசதி இன்மை இங்கே சிக்கலன்று. டென்மார்க்கில் அது ஏறக்குறைய எல்லார்க்கும் உண்டு. செயலியில் எல்லாமே இருக்கின்றன. ஆனால், அங்கே ஒருவர் தாம் தேடுவதைக் காண்பார். ஏற்கெனவே கண்டதைப் போன்றதும் அவர்முன் வைக்கப்படும். ஐம்பது அகவைத் தாயின் திரைக்குப் பதினாறு அகவை மகனின் உலகம் தானாக வந்து சேராது. அவன் அறைக் கதவு சாத்தியிருக்கிறது, காதில் கேட்பொறி இருக்கிறது. அவன் பார்ப்பது டி.ஆர். தந்த நல்ல ஆவணப்படமா, எங்கிருந்தோ வந்த நச்சுக் காணொளியா என்பதைக் கூடத்தில் இருப்பவர் அறியார். பொதுப்பணத்தில் விளைந்த நிகழ்ச்சி, யூடியூப், நெட்பிளிக்ஸ் போன்ற பெருநிறுவனங்களின் சந்தையில் ஆயிரத்தில் ஒன்றாக நின்று கைதட்டி அழைக்க வேண்டியிருக்கிறது. வானலையில் அதற்கென ஓர் எண் இருந்தது, கதவிலக்கம் போல.

பிரித்தானியா இதே வழியில் முந்திச் சென்று திரும்பிய நாடு. பி.பி.சி. தன் இளையோர் அலைவரிசையான பி.பி.சி. திரீயை 2016 பெப்ரவரி 16 அன்று இணையத்துக்கு மட்டுமென மாற்றியது. அங்கும் பணம் மிச்சம் பிடிப்பதே தூண்டுகோல். பேர்பெற்ற நாடகங்கள் சில அந்த இணையக் காலத்திலேயே பிறந்தன என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். 'ஃபிளீபேக்' அவற்றுள் ஒன்று. எனினும் 2022 பெப்ரவரி 1 அன்று பி.பி.சி. திரீ மீண்டும் வானலைக்கு வந்தது. இளையோர் அனைவரும் இணையத்துக்குக் குடிபெயர்ந்துவிடவில்லை, தலைநகருக்கு வெளியே, வருவாய் குறைந்த வீடுகளில் வாழும் இளையோருள் பலர் இன்னும் பெட்டியைத் திறக்கின்றனர், அவர்களைத் தாம் இழந்துவிட்டோம் என்று அந்நிறுவனம் உணர்ந்ததே காரணம். அதே பி.பி.சி., அதே ஆண்டு மே மாதத்தில், சிறார்க்கான சி.பி.பி.சி.யையும் பி.பி.சி. ஃபோரையும் வருங்காலத்தில் இணையத்துக்கு அனுப்பப்போவதாக அறிவித்தது. எனவே, அங்கும் இது தெளிந்த கொள்கையன்று, தடுமாற்றமே. ஆயினும் ஒன்று உறுதியாயிற்று: மூடிய கதவைத் திறக்க முடியும்.

டென்மார்க்கிலும் அது முடியாததன்று. டி.ஆர்.3-ஐ இறக்கிய அதே வெட்டில் மடியவிருந்த பி6 பீட், பி8 ஜாஸ் என்னும் இரு இசை வானொலிகளும், 2019-இல் ஆட்சி மாறியதும் காப்பாற்றப்பட்டன. அவற்றுக்காகப் பேசிய கேட்போர் அகவை முதிர்ந்தோர், எழுதத் தெரிந்தோர், அரசியலாரின் காதுக்கு எட்டக்கூடியோர் என்பது நம் ஐயம். இளையோர்க்குத் தம் அலைவரிசைக்காக வழக்காடும் பழக்கமில்லை. அவர்கள் வேறோரிடம் நகர்ந்து போவர், அவ்வளவே. அந்த மௌனம் இசைவாகக் கொள்ளப்பட்டது.

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிட வேண்டும். நம் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளும் கலைநிகழ்வுகளும் இதே பாதையில்தான் போகின்றன. பிள்ளைகளின் பேச்சையும் ஆடலையும் கைப்பேசிக் குழுமத்தில் காணொளியாக இட்டுவிட்டால் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். பேரப்பிள்ளையின் பேச்சைக் காண, மூக்குக் கண்ணாடியை ஏற்றி இறக்கி, எந்த இணைப்பைத் தொடுவதென்று விளங்காமல் அமர்ந்திருக்கும் பாட்டிமாரை இவ்வூரிலேயே பார்க்கலாம். டி.ஆர். நிறுவனத்தை நோக்கி நீட்டும் விரல் நம் பக்கமும் திரும்பவேண்டியதே.

டி.ஆர்.3-ஐ அப்படியே மீட்டெடுங்கள் என்று நாம் கோரவில்லை. ஒரு முழு அலைவரிசையை நாள் முழுதும் நிரப்பும் செலவை நாம் அறிவோம். நள்ளிரவில் பழைய அமெரிக்கத் தொடர்களை மறுஒளிபரப்புச் செய்வதற்காக எவரும் வரி செலுத்த வேண்டியதில்லை. 2023 முதல் 2026 வரைக்குமான ஊடக உடன்பாட்டுக்கு அடுத்ததைப் பேச அமர்வோரிடம் நாம் கேட்பது சிறிது. இளையோர்க்கென இளையோரே ஆக்கும் நிகழ்ச்சிகளுக்கு டி.ஆர்.1-இல் வாரத்தில் சில மாலைகள், இடம் மாறாத நேரமாக, எழுத்தில் உறுதிசெய்யப்படட்டும். அவை எட்டு மணிக்குள் தொடங்கட்டும். மறுநாட்காலை வேலைக்குப் போகவேண்டியோர் பத்து மணிக்கு உறங்கிவிடுவர். கோப்பன்ஹேகனிலும் ஓர்ஹூஸிலும் மட்டுமல்லாது, யூட்லாந்தின் சிற்றூர்களிலும் அவற்றுட் சில படமாக்கப்படட்டும். டேனிஷ் எழுத்து வரிகள் எல்லா நிகழ்ச்சிக்கும் இருக்கட்டும். அவ்வரிகளை நோக்கிக் கடித உறையின் பின்புறத்தில் எழுத, நேற்று உக்ரேனிலிருந்து வந்திறங்கிய ஒரு தாய் இவ்வூரின் ஏதேனும் ஒரு கூடத்தில் பேனாவோடு அமர்ந்திருக்கக்கூடும்.