முகவரி இல்லாத முகக் க்ரீம்கள்

தென்காசி மாவட்டம் கரிவலம்வந்தநல்லூரில் ஒரு பெண் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்க வேண்டுமென்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். மெடிக்கல் வைப்பதென்றால் மருந்து உரிமமும் பார்மசிஸ்ட்டும் இல்லாமல் முடியாது. முகத்தில் பூசுகிற க்ரீமையும், உதட்டுச் சாயத்தையும், தலைக்கு அடிக்கிற டையையும் விற்பதற்கு மட்டும் எந்த உரிமமும் தேவையில்லை. 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம், இவற்றைத் தயாரிப்பவர் உரிமம் வாங்க வேண்டும் என்கிறது. வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்தால் பதிவுச் சான்று வேண்டும் என்கிறது. சில்லறையில் விற்கும் கடைக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. எந்தக் கடையில் எந்த க்ரீம் விற்கிறது என்ற பட்டியல்கூட எந்த அலுவலகத்திலும் இருக்க வழியில்லை.

பால்வண்ணநாதரும் ஒப்பனையம்மாளும் வீற்றிருக்கும் ஊர் இது. ஆவணித் தபசு வந்துவிட்டால் கோயிலைச் சுற்றி வளையலும் பொட்டும் கண்மையும் கொட்டிக் கிடக்கும். அதற்கு முந்தைய மாதம் சங்கரன்கோவில் ஆடித் தபசு. அங்கே கூட்டமும் கடையும் இன்னும் அதிகம். இந்த வட்டாரத்துப் பெண்கள் வீட்டுக்குள் இருக்கிறவர்கள் அல்ல. விடியுமுன் பூப்பறிக்கப் போகிறார்கள், வெயிலில் களை எடுக்கிறார்கள், தறிக் கொட்டடிக்கும் கடைக்கும் வேலைக்குப் போகிறார்கள். கையில் நாலு காசு சேர்ந்தால் தங்களுக்கென்று ஒரு க்ரீம் வாங்கிக்கொள்கிற உரிமை அவர்களுக்கு உண்டு. அழகு பார்ப்பதைக் குற்றமாகப் பேசுவது என் நோக்கமல்ல. அந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இருக்கிறது. அது நடக்கவில்லை என்பதுதான் குறை.

ஒரு ஃபேன்சி ஸ்டோரில் நான் கையில் எடுத்துப் பார்த்த டப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். கைக்குள் அடங்கும் அளவு, தங்க நிற மூடி. அட்டையில் பாதி கறுப்பும் பாதி வெளுப்புமாக ஒரு பெண்ணின் முகம். ஒரு பக்கம் நமக்குத் தெரியாத எழுத்து, மறுபக்கம் பிழையான ஆங்கிலம். தயாரித்தவர் பெயர் இல்லை, முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை, இறக்குமதி செய்தவர் யார் என்ற விவரம் இல்லை. விலையைக்கூட கடைக்காரர் பேனாவால்தான் எழுதியிருந்தார். ஆனால் பொடி எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது: தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும். “ஏழே நாள்ல ரிசல்ட் தெரியும்க்கா. கேரளா பக்கம் இதுதான் ஓடுது” என்றார் கடைக்காரத் தம்பி. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கும் யாரும் எதுவும் சொல்லித் தந்ததில்லை.

நகையில் படக் கூடாது என்ற அந்த ஒரு வரியே போதும், சந்தேகப்படுவதற்கு. பாதரசம் தங்கத்தோடு சேர்ந்தால் தங்கத்தைத் தின்றுவிடும் என்பது நம் ஆசாரிமார் எல்லாருக்கும் தெரியும். வெள்ளையாக்கும் க்ரீம்களில் பாதரசம் இருப்பதற்கான அடையாளங்களில் இந்த எச்சரிக்கையும் ஒன்று என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தோலுக்கு நிறம் தருவது மெலனின். பாதரச உப்பு அந்த மெலனின் உண்டாவதைத் தடுக்கிறது. அதனால்தான் சில நாட்களிலேயே முகம் வெளுக்கிறது. விலை மலிவு, பலன் வேகம். ஆனால் தோல் வழியே உள்ளே போன பாதரசம் சிறுநீரகத்தில் போய்த் தங்குகிறது. கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல், மறதி என்று நரம்பையும் பிடிக்கிறது. பூசியவரோடும் இது நிற்பதில்லை. தலையணை உறை, துண்டு, அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கிற கைக்குழந்தை என்று வீடு முழுக்கப் பரவும். க்ரீமைத் தொடாத பிள்ளைகளின் உடம்பிலும் பாதரசம் இருந்ததை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2010-ல் கண்டுபிடித்தார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். செங்கோட்டை தாண்டினால் கேரளம். அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரக மருத்துவர்களுக்கு, கால் வீங்கி, சிறுநீரில் நுரை தள்ளி வந்த நோயாளிகளைப் பார்த்து ஐயம் வந்தது. சிறுநீரில் புரதம் இறங்கும் ஒரு வகைச் சிறுநீரக நோய் அவர்களுக்கு. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, அந்த நோயிலேயே வழக்கமாக அரிதாகக் காணப்படும் ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் வருமுன் வெள்ளையாக்கும் க்ரீம் பூசியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு க்ரீமை நிறுத்தியதும் நோய் தணிந்தது. மகாராஷ்டிரத்தின் அகோலாவில் ஒரே வீட்டில் ஒரு கல்லூரி மாணவி, அவருடைய தாய், சகோதரி என மூன்று பேருக்குச் சிறுநீரகம் பாதித்தது. உள்ளூர் அழகுக்கலைப் பெண்ணிடம் வாங்கிய ஒரே க்ரீமைத்தான் மூவரும் பூசியிருந்தார்கள்.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. ‘ஆபரேஷன் சௌந்தர்யா’ என்ற பெயரில் 2023-ல் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையைக் கடை கடையாக அனுப்பியது. 2025 தொடக்கத்தில், எடுத்த மாதிரிகளில் அனுமதித்த அளவைப் போல 12,000 மடங்கு பாதரசம் இருந்ததாக அமைச்சர் வீணா ஜார்ஜ் அறிவித்தார். நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி, கண்ணைச் சுற்றிப் பூசுபவை தவிர மற்ற பொருட்களில் தெரியாமல் கலந்துவிடுகிற பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. அந்த வரம்பை வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு கிலோ க்ரீமில் 12 கிராம் பாதரசம். இதைத் தெரியாமல் கலந்தது என்று யாரும் சொல்ல முடியாது.

அங்கே கெடுபிடி வந்தால் சரக்கு எங்கே நகரும்? சோதனை இல்லாத ஊர்களுக்குத்தான். தமிழ்நாட்டு அரசு இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

பாதரசத்துக்கு அடுத்தது ஸ்டீராய்டு. இது ஃபேன்சி ஸ்டோர் விஷயமல்ல, மெடிக்கல் விஷயம். மங்கு போன்ற தோல் பிரச்னைகளுக்கு மருத்துவர் சில வாரங்களுக்கு மட்டும் எழுதித் தருகிற டியூபைப் பெண்கள் முகக் க்ரீமாக வருடக்கணக்கில் பூசுகிறார்கள். ஒருவருக்கு எழுதிய டியூபைப் பழைய அட்டையைக் காட்டி இன்னொருவர் வாங்குகிறார். முதல் மாதம் முகம் பளபளக்கும். அதற்குப் பிறகு தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, பரு கிளம்பி, மீசை இடத்தில் முடி வளரும். நிறுத்தலாம் என்றால் முகம் சிவந்து எரியும், வெயிலில் நிற்க முடியாது. அந்த எரிச்சல் தாங்காமல் மறுபடி அதே டியூபை எடுக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண், கல்யாணப் பேச்சு எடுத்த நாளில் பூச ஆரம்பித்து, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகும் விட முடியாமல் தவித்தார். பகலில் முந்தானையால் முகத்தை மூடாமல் அவரால் தெருவில் இறங்க முடியவில்லை.

இந்திய தோல் மருத்துவர்கள் பல நகரங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத்தில் தோல் பிரச்னையோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசியவர்கள். அவர்களில் 126 பேர் அதை நிறம் கொடுக்கும் க்ரீமாகவோ பொதுவான முகக் க்ரீமாகவோ பயன்படுத்தியவர்கள். அந்த மருத்துவர்கள் பல ஆண்டு குரல் கொடுத்ததன் பலனாக 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ‘ஹெச்’ அட்டவணைக்குள் கொண்டுவந்தது. மருந்துச் சீட்டைக் கேட்காமல் விற்கும் கடைகள் இன்றும் இருக்கின்றன. இங்கே புதிய சட்டம் எதுவும் வேண்டாம். இருக்கிறதை அமல்படுத்தினால் போதும்.

அடுத்து, ஹேர் டையில் உள்ள பிபிடி என்ற வேதிப்பொருள் சிலருக்கு முகமே வீங்கும் அளவுக்கு ஒவ்வாமை தரும். முதலில் தோலில் சிறிது தடவிச் சோதிக்க வேண்டும், புருவத்துக்கும் இமைக்கும் பூசினால் பார்வை போகலாம் என்ற எச்சரிக்கையை ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. சில்லறைப் பாக்கெட்டை வாங்குகிற அம்மாவுக்கு அந்த எழுத்து கண்ணுக்குத் தெரிகிறதா என்று யாராவது பார்த்திருக்கிறார்களா? கறுப்பாகப் பிடிக்கும் மருதாணி கோனிலும் இதே பிபிடியைத்தான் கலக்கிறார்கள். மருதாணி இலை சிவக்குமே ஒழிய, கறுக்காது. ஸ்டிக்கர் பொட்டின் பசையில் உள்ள ஒரு வேதிப்பொருளால் பொட்டு வைக்கிற இடம் மட்டும் வெண்புள்ளியாகிப் போவதும் உண்டு. அதை வெண்குஷ்டம் என்று பயந்து ஒதுங்கி வாழும் பெண்களை நினைத்தால் மனசு ஆறவில்லை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தயாரித்தவரின் முழு முகவரி, உரிம எண், பேட்ச் எண், எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம், சேர்மானப் பட்டியல் எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கென்றால் பதிவுச் சான்று எண்ணும், இங்கே இறக்குமதி செய்தவர் முகவரியும் இருக்க வேண்டும். பாதரசத்தைக் குறிக்கும் மெர்குரி, கேலோமெல் என்ற பெயர்கள் கண்ணில் பட்டால் வைத்துவிடுங்கள். பெரும்பாலும் அந்தப் பெயர்களை எழுதவே மாட்டார்கள் என்பதால், ஒரு வாரத்தில் நிறம் மாறும் என்று சொல்லும் எதையும் தொடாதீர்கள். ஏற்கெனவே பூசிக்கொண்டிருந்தால், சிறுநீரில் நுரையோ காலில் வீக்கமோ தெரிந்தால் சங்கரன்கோவில் அரசு மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். டப்பாவைத் தூக்கிப் போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் வாங்குகிறவர் தலையில் கட்டுவது நியாயமல்ல. பத்தாம் வகுப்பு முடித்த பெண் பொடி ஆங்கிலத்தைப் படித்துப் பாதரசத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிற நாட்டில் மருந்து ஆய்வாளர் எதற்கு? மாதிரி எடுக்கவும், சோதிக்கவும், சரக்கு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரைக் கேட்கவும் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. வாங்கிய இடத்தைச் சொல்ல வேண்டியது கடைக்காரரின் கடமை என்று 18ஏ பிரிவு சொல்கிறது. ஊர்க்கடையைப் பூட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. மொத்த வியாபாரி வரைக்கும், அவருக்கு மேலே உள்ளவர் வரைக்கும் போக வேண்டும்.

ஆகவே தென்காசி மாவட்ட நிர்வாகத்திடமும் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடமும் கேட்பது இவைதான். ஆடித் தபசு, ஆவணித் தபசுக் கடைகள் போடும் நாட்களிலும், கல்யாண மாதங்களில் பார்லர்களிலும் மாதிரி எடுங்கள். முடிவைத் தமிழில், பொருளின் பெயரோடு, பஞ்சாயத்துப் பலகையிலும் பள்ளிகளிலும் ஒட்டுங்கள். மெடிக்கல்களில் ஸ்டீராய்டு டியூப் விற்பனைக் கணக்கைச் சரிபாருங்கள். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். முகத்துக்கு என்ன பூசுகிறீர்கள் என்ற ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். கிராம சுகாதார செவிலியர் கர்ப்பிணிகளிடம் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும், ஏனென்றால் பாதரசம் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். அழகுசாதனம் விற்கும் கடைகளுக்கு எளிய பதிவு முறை ஒன்று வர மத்திய அரசை மாநில அரசு வலியுறுத்த வேண்டும்.

நம் பக்கத்திலும் செய்ய வேலை இருக்கிறது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, ஒரு பொருளை வாங்கிய யாரும், அங்கீகாரம் பெற்ற நுகர்வோர் சங்கமும், உரிய கட்டணம் கட்டி அரசுப் பகுப்பாய்வாளரிடம் அதைச் சோதனைக்குக் கொடுத்து, கையெழுத்திட்ட அறிக்கை வாங்கலாம். ஒரு மகளிர் குழு சேர்ந்து ஒரு டப்பாவை அனுப்பினாலும் போதும். கிராம சபையில் தீர்மானம் போடலாம். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மனுவுக்குப் பதில் வராவிட்டால், பத்து ரூபாய் கட்டி தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கேட்க வேண்டிய கேள்வி: கடந்த மூன்று ஆண்டுகளில் சங்கரன்கோவில் வட்டத்தில் எத்தனை அழகுசாதன மாதிரிகள் எடுக்கப்பட்டன, எத்தனை சோதனையில் தேறவில்லை, யார் மீது என்ன நடவடிக்கை? முப்பது நாட்களுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.