மூன்று மணிக் கூட்டமும் வேலைக்குப் போகும் அம்மாவும்

வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணி. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். கட்டட வேலைக்குப் போன சித்தாள் இன்னும் கலவைச் சட்டியை இறக்கியிருக்க மாட்டார். வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கு அடுத்த வீட்டின் பாத்திரங்கள் காத்திருக்கும். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சரியாக இந்த நேரத்தில்தான், 3 மணி முதல் 4.30 வரை, அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடத்தக் கல்வித் துறை நேரம் வகுத்தது. அந்தப் பெண்கள்தாம் அந்தக் குழுவின் உறுப்பினர்கள்.

வந்தால் அரை நாள் கூலி போகும். வராவிட்டால், 'இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை' என்ற பேச்சு வரும். ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் இந்தக் குற்றச்சாட்டில் பாதி, கூட்ட நேரத்தைப் பற்றிய குற்றச்சாட்டுதான். அது பெற்றோர்மேல் விழுவது அநியாயம்.

இந்தக் குழு ஒப்புக்கு அமைக்கப்பட்டதல்ல. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 21ஆவது பிரிவில் இதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ற இடம் வேண்டும். பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரித்துப் பரிந்துரைப்பது, வந்த நிதி எங்கே போனது என்று கண்காணிப்பது ஆகியவை அதன் வேலைகள். 2022இல் தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 20 பேர் கொண்ட குழுவில் 15 பேர் பெற்றோர். 2024இல் மறுபடி அமைக்கப்பட்டபோது எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது.

சட்டத்தின் பார்வையில் பெற்றோர் பள்ளிக்கு விருந்தாளி அல்லர். ஆனால் பள்ளி வாசலுக்கு வரும் தாய்க்குப் பழக்கம் வேறாக இருக்கிறது. புரோகிரஸ் கார்டில் கையெழுத்துப் போட, பையன் சண்டை போட்டதற்குத் திட்டு வாங்க, ஆண்டு விழாவில் பின்வரிசை நாற்காலியில் உட்கார என்றுதான் அவர் இதுவரை பள்ளிக்குள் வந்திருக்கிறார். அவரைத் திடீரென்று அழைத்து, 'நீங்கள்தான் கண்காணிக்க வேண்டும்' என்றால் அவர் எதைக் கண்காணிப்பார்? தீர்மானப் பதிவேட்டை நீட்டுவார்கள். ஏற்கெனவே எழுதியிருக்கும் தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்திட்டுவிட்டுக் கிளம்புவார்.

உத்தரப் பிரதேசத்தின் ஜௌன்பூர் மாவட்டத்தில் நடந்த ஓர் ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் பிரதம் அமைப்பினரும் சேர்ந்து 280 கிராமங்களில் நடத்திய ஆய்வு அது, 2010இல் வெளியானது. அங்கும் கிராமக் கல்விக் குழுக்கள் இருந்தன. ஆனால் அப்படியொரு குழு இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. உறுப்பினர்களிலேயே பலருக்குத் தாங்கள் உறுப்பினர்கள் என்பது தெரியவில்லை. சில கிராமங்களில் கூட்டம் போட்டு, உங்கள் உரிமைகள் இவை, குழுவின் அதிகாரம் இது என்று விளக்கினார்கள். வேறு சில கிராமங்களில் ஒரு படி மேலே போய், குழந்தைகளுக்கு வாசிக்க வருகிறதா என்று ஊர்க்காரர்களே சோதித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாலும் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மக்கள் பள்ளிக்குப் போய்க் கேள்வி கேட்கவில்லை. பிள்ளைகளின் படிப்பும் உயரவில்லை.

மூன்றாவது வகைக் கிராமங்களில் கூடுதலாக ஒன்று செய்தார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத்தரும் எளிய முறையை, விருப்பமுள்ள உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சியாகக் கொடுத்தார்கள். சம்பளம் கிடையாது. ஆனாலும் இளைஞர்கள் முன்வந்து பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு முகாம்களை நடத்தினார்கள். முகாமுக்கு வந்த குழந்தைகளின் வாசிப்பு கண்கூடாக முன்னேறியது. அரசுப் பள்ளியின் நடைமுறை மட்டும் அந்தக் கிராமங்களிலும் அப்படியே இருந்தது.

இதை மக்களின் அலட்சியத்துக்குச் சான்றாகப் படிப்பவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. சம்பளமில்லாமல் மாலை நேரத்தைக் கொடுத்தவர்களும் அதே ஊர்க்காரர்கள்தாம். 'பங்கேற்க வாருங்கள்' என்ற பொதுவான அழைப்புக்கு அசையாத ஊர், 'இந்த வேலையை இப்படிச் செய்யலாம்' என்று சொன்னதும் எழுந்து வந்தது. அதிகாரம் என்ற சொல்லைக் கொடுப்பது எளிது. கைக்கு அடங்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் உழைப்பு தேவைப்படுகிறது.

தமிழ்நாட்டிலேயே இதற்கு அண்மைச் சான்றுகள் உண்டு. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில், சின்ன ஊக்கத்தொகைக்கு மாலை வகுப்பு எடுக்க லட்சக்கணக்கானோர் பதிவு செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். சமைப்பவரின் குழந்தை அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதிகளில் ஒன்று. அருமையான விதி. தன் பிள்ளையின் தட்டிலும் விழப்போகும் உப்புமாவைக் கிண்டுகிறவரிடம் தரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இது ஊதியத்துக்குச் செய்யும் வேலை, தன்னார்வத் தொண்டு அன்று. என்றாலும் விடியற்காலையில் பள்ளிக்குள் நுழையும் இந்தத் தாய்மார்களுக்குப் பள்ளியின் குழாயில் தண்ணீர் வருகிறதா, எந்தக் குழந்தை சில நாளாக வரவில்லை என்பதெல்லாம் தெரியும். அவர்கள் சொல்வதை மேலாண்மைக் குழு காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

ஊர் பள்ளியைத் தாங்குவது இங்கே புதிதும் அல்ல. காமராசர் ஆட்சியில் 1956இல் மதிய உணவு தொடங்கியபோது, செலவில் ஒரு பங்கை ஊரே ஏற்றுக்கொண்டது. கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் கட்டடம், மேசை, நாற்காலி, சீருடை என்று மக்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் அந்த நாள்களில் ஊரிடம் கேட்கப்பட்டது பெரும்பாலும் பொருள். கணக்கைப் படிக்கும் உரிமை கேட்காமலேயே சட்டமாக வந்திருக்கும் இன்றும், பல பள்ளிகள் பெற்றோரிடம் எதிர்பார்ப்பது ஒரு மின்விசிறியையோ பீரோவையோதான்.

தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. அரசு உதவி பெறாத பள்ளிகளுக்கு இந்தக் குழுவைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. அங்கே பெற்றோர் கட்டணம் செலுத்துபவர். வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பைப் படித்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுபவர். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அரசுப் பள்ளிகளில் முதலில் மாற வேண்டியது கடிகாரம். ஜூனில் பள்ளி திறந்ததும், எந்த நாள், எந்த நேரம் வர முடியும் என்று உறுப்பினர்களையே கேட்கலாம். நெசவு ஊரில் ஒரு பதில் வரும், மீனவர் குப்பத்தில் வேறொரு பதில் வரும். மாநிலம் முழுவதற்கும் ஒரே நேரம் என்பது அதிகாரிகளின் வசதிக்கு மட்டுமே பொருந்துகிறது. தலைமையாசிரியர்களின் சிரமமும் உண்மையானது. பலர் நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் பயணம் செய்து பள்ளிக்கு வருகிறவர்கள். மாலை 6 மணிக்கோ ஞாயிறு காலையிலோ கூட்டம் நடத்தினால் அவர்களுக்கு ஈடுசெய் விடுப்பு தர வேண்டும். ஓராண்டில் சில நாள்களுக்கு மேல் இதற்கு ஆகாது.

இரண்டாவது, தந்தைகள். பள்ளிக்கூடக் கூட்டம் என்றால் அம்மா போக வேண்டியது என்று வீடுகள் தீர்மானித்துவிட்டன. பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டம் சொன்னதற்கு, ஆண்கள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்று பொருளல்ல.

மூன்றாவது, கூட்டத்தில் செய்வதற்கு ஒரு வேலை. பள்ளிக்கு இந்த ஆண்டு வந்த மானியம் எவ்வளவு, எதற்குச் செலவானது என்பதை எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு எல்லோரும் எழுந்து கழிப்பறைவரை நடந்து, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். திரும்பி வந்து, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் சிலரைப் பாடப்புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஆசிரியரைக் குறைசொல்ல அல்ல. எந்தக் குழந்தைக்கு உதவி வேண்டும், தெருவில் யார் மாலையில் அரை மணி நேரம் உட்கார முடியும் என்று பேசி முடிவெடுக்க. பார்த்ததையும் முடிவெடுத்ததையும் அன்றே, அங்கேயே, எல்லோர் முன்னாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். ஊராட்சி செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் அடுத்த கிராம சபையில் வைக்கலாம். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் இருக்கின்றன, ஆகஸ்ட் 15உம் அக்டோபர் 2உம் அவற்றில் அடக்கம். தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக் கதவைப் பற்றி ஊர் கூடியிருக்கும் இடத்தில் எழுந்து பேசும் தாய்க்கு, அன்று விடுமுறை என்பதால் கூலியும் போகாது.